சுகம் தெரிவது வேறு, நோய் தீர்வது வேறு



கடை வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் நன்கு பழக்கமான காட்சி ஒன்று உண்டு. முழங்கால் வலியென்று முகம் சுளித்துக்கொண்டு ஒருவர் கடைக்கு வருகிறார். நாம் அலமாரியிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்துக் கொடுக்கிறோம். நான்கு நாட்கள் கழித்து அவர் மலர்ந்த முகத்துடன் திரும்பி வந்து, "பாய், அந்தத் தைலம் கைகண்ட மருந்து! வலி போன இடம் தெரியவில்லை. இன்னும் இரண்டு புட்டி கொடுங்கள்" என்கிறார். பக்கத்தில் நிற்பவரும் ஒன்று வாங்கிச் செல்கிறார். அன்று முதல் கேட்போர்க்கெல்லாம் அத்தைலத்தின் பெருமையை நாமும் உறுதியுடன் சொல்லத் தொடங்கி விடுகிறோம்.

சில மாதங்கள் கழித்து அதே மனிதர் மீண்டும் வருகிறார். இம்முறை நீரிழிவுக்கு யாரோ சொன்ன ஒரு பொடியைக் கேட்டு வாங்குகிறார். அடுத்த முறை வரும்போது, "பாய், உடம்பு இலேசாக இருக்கிறது. களைப்பு இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தி விட்டேன்" என்று மகிழ்ச்சியோடு கூறுகிறார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அவர் பொய் சொல்லவில்லை. வலி குறைந்ததும் மெய், உடம்பு இலேசாக இருப்பதாகத் தெரிவதும் மெய். ஆனால் அந்தத் தைலத்தினாலும் பொடியினாலுந்தான் அவை நிகழ்ந்தன என்பதும் மெய்தானா? நோய் தீர்ந்துவிட்டது என்பதும் மெய்தானா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மாலையில் பணப்பெட்டி நிறைந்திருப்பதைக் கண்டு, அத்தனையும் இலாபம் என்று எந்த வியாபாரியும் முடிவு கட்டுவதில்லை. அதில் கொள்முதல் கடன் இருக்கும், கடை வாடகை இருக்கும், ஆட்களின் சம்பளமும் இருக்கும். அவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சி நிற்பதே இலாபம். நோயாளி "நலம்" என்று சொல்வதும் அந்தப் பெட்டியைப் போன்றதே. அதிலும் பலவகை வரவுகள் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி முதலில் பார்ப்போம்.

1. மருந்துப்போலி என்பது யாது?

வைத்திய நூலார் 'பிளாசிபோ' என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். அது லத்தீன் மொழிச் சொல். 'நான் மகிழ்விப்பேன்' என்பது அதன் பொருள். நோயைத் தீர்க்கவல்ல சரக்கு எதுவும் இல்லாமல், நோயாளியின் மனத்தைத் திருப்திப்படுத்துவதற்காகவே கொடுக்கப்பட்ட மாத்திரைக்கும் நீருக்கும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இப்பெயர் வழங்கலாயிற்று. தமிழில் இதனை 'மருந்துப்போலி' என்கிறோம். சர்க்கரையால் செய்த மாத்திரை, வெறும் உப்புநீர் ஊசி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இதனைக் கள்ள மருந்தோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளலாகாது. பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் மருந்தைப் போலவே பெட்டியும் முத்திரையும் செய்து விற்பது குற்றம். மருந்துப்போலியோ, இக்காலத்தில் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காக, அதில் சேரும் நோயாளிகளின் சம்மதத்தைப் பெற்றுக் கொடுக்கப்படுவது.

முற்காலத்தில் வைத்தியர்கள் இதனைத் தாராளமாகவே பயன்படுத்தினர். 1807-இல் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தாமஸ் ஜெபர்சன் எழுதிய கடிதம் ஒன்றில் இதுபற்றி ஒரு குறிப்பு உண்டு. நல்ல பெயர் பெற்ற வைத்தியர் ஒருவர், தாம் கொடுத்த மற்றெல்லா மருந்துகளையும் விட ரொட்டி மாத்திரையும் வண்ண நீரும் சாம்பற் பொடியுமே அதிகம் என்று அவரிடம் ஒப்புக் கொண்டாராம்.

இத்தகைய வெறும் மாத்திரையை மருந்தென்று எதிர்பார்த்து உட்கொள்பவருக்குச் சில வேளைகளில் உபாதை தணிகிறது. 'இது நமக்குக் குணம் தரும்' என்ற எதிர்பார்ப்பினால் விளையும் அந்தச் சுகத்தையே 'மருந்துப்போலி விளைவு' என்கின்றனர்.

2. பாரிஸ் நகரத்துச் சோதனை

இவ்வுண்மையை முறையாகச் சோதித்தவர்களின் வரலாறு சுவையானது. 1778-இல் மெஸ்மர் என்னும் வைத்தியர் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். உலகெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் பாய்வு நிறைந்திருப்பதாகவும், அதனை நோயாளியின் உடலிற் செலுத்தினால் நோய் நீங்கும் என்றும் அவர் கூறினார். நோயாளிகள் அவரிடம் திரண்டனர். சிலர் வலிப்புக் கண்டு விழுந்தனர். எழுந்தபின், நோய் நீங்கிற்று என்றனர்.

1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இதனை ஆராய்வதற்கு ஒரு குழுவை நியமித்தார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த பெஞ்சமின் பிராங்கிளினும், புகழ் பெற்ற இரசாயன அறிஞர் லவாசியேவும் அதில் இருந்தனர். மெஸ்மர் சோதனைக்கு முன்வரவில்லை. அவருடைய சீடர் டெஸ்லோன் முன்வந்தார். பிராங்கிளின் நோயுற்றிருந்தமையால், சோதனைகள் சில பாசி என்னும் ஊரில் அவர் தங்கியிருந்த இல்லத்திலேயே நடைபெற்றன.

அங்கிருந்த தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் டெஸ்லோன் காந்தம் ஏற்றினார். பின்னர், காந்தத்துக்கு எளிதில் வசப்படுபவன் என்று அவரே தேர்ந்தெடுத்து வந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தம் ஏற்றாத முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது, இருமலும் வந்தது. நான்காவது மரத்தடியில் உடல் விறைத்து மயங்கி விழுந்தான். அதுவும் காந்தம் ஏற்றிய மரமன்று! சிறுவன் நடிக்கவில்லை. தனக்கு என்ன நேரும் என்று எதிர்பார்த்தானோ, அதுவே அவனுக்கு நேர்ந்தது. எதிர்பார்ப்பு இருந்தால் காந்தம் இன்றியே விளைவு தோன்றுகிறது, எதிர்பார்ப்பு இன்றேல் காந்தம் ஏற்றியும் விளைவில்லை என்று குழுவினர் முடிவு கூறினர்.

3. ஐந்து கினி விலையுள்ள கோல்கள்

அடுத்த வரலாறு வியாபாரிகளாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் எலிஷா பெர்க்கின்ஸ் என்னும் வைத்தியர் விரல் நீளமுள்ள இரண்டு உலோகக் கோல்களைச் செய்து, 1796-இல் அவற்றுக்கு அரசாங்க உரிமைப் பத்திரமும் பெற்றார். வலியுள்ள இடத்தில் அவற்றை இழுத்துத் தடவினால் நோய் வெளியேறும் என்பது விளம்பரம். அவருடைய மகன் லண்டனிலும் விற்பனையைத் தொடங்கினார். ஒரு ஜோடியின் விலை 5 கினி. அக்காலத்தில் அது சிறிய தொகையன்று. குணமடைந்தோர் எழுதிக் கொடுத்த நற்சான்றுகளோ நூற்றுக்கணக்கில் குவிந்தன.

இங்கிலாந்தில் பாத் நகரத்து வைத்தியர் ஜான் ஹேகார்த் 1799-இல் ஒரு சிறு சோதனை செய்தார். மரத்தில் அதே வடிவில் கோல்கள் செய்து, உலோகம் போலவே வண்ணம் பூசினார். ஆஸ்பத்திரியிலிருந்த வாத நோயாளிகள் ஐவருக்கு அவற்றால் தடவினர். ஐவரில் நால்வர் வலி குறைந்ததாகக் கூறினர். மறுநாள் அசல் உலோகக் கோல்களால் தடவியபோதும் பலன் ஏறக்குறைய அவ்வளவே. விலை கொடுத்து வாங்கிய உலோகம் செய்த வேலையைப் பைசாப் பெறாத மரத்துண்டும் செய்துவிட்டது!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனின், நற்சான்றுகள் எத்தனை குவிந்தாலும், அவற்றைக் கொண்டு மட்டும் சரக்கின் தரத்தைத் தீர்மானிக்க இயலாது என்பதே. சான்று கொடுத்தவர் அனைவரும் நாணயமானவர்களாக இருந்தாலும் அப்படித்தான்.

4. வரவைப் பிரித்துப் பார்த்தல்

"நலமாயிற்று" என்ற சொல்லுக்குள் கலந்திருக்கும் வரவுகளை இனிப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நோயின் இயல்பு. ஜலதோஷம் தானே வந்து தானே போகும். முழங்கால் வலியும் இடுப்பு வலியும் ஏறும், இறங்கும். பொறுக்க முடியாமல் ஏறி நிற்கும் நாளிலேதான் மனிதர் மருந்து தேடி வருகிறார். அடுத்த நாட்களில் அது பெரும்பாலும் தானே இறங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் எதைத் தடவியிருந்தாலும் அதற்கே பெயர்.

இரண்டாவது, கூடவே செய்தவை. தைலம் தடவியவர் இரண்டு நாள் ஓய்வும் எடுத்திருப்பார், பாரம் தூக்காமல் இருந்திருப்பார்.

மூன்றாவது, மரியாதை. மருந்து கொடுத்தவர் அன்போடு கேட்கும்போது, "பலன் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வருவதில்லை.

நான்காவது, மேலே கூறிய எதிர்பார்ப்பு.

இந்த நான்கையும் கழித்த பிறகு எஞ்சுவதே மருந்தின் சொந்த வேலை. இவற்றைப் பிரிப்பதற்கு ஆராய்ச்சியாளர் கையாளும் வழி எளிது. நோயாளிகளைச் சீட்டுப் போட்டாற்போலப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு அதே நிறமும் வடிவமும் கொண்ட மருந்துப்போலியும் கொடுக்கின்றனர். எது யாருக்குச் சென்றது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பின் பங்கை மட்டும் தனியே அறிய விரும்பினால், ஒன்றுமே கொடுக்கப்படாத மூன்றாவது பிரிவும் வேண்டும்.

இந்த மூன்றாவது பிரிவை மறந்தமையால் பெரிய அறிஞர்களும் கணக்குத் தவறியதுண்டு. 1955-இல் அமெரிக்க டாக்டர் ஹென்றி பீச்சர் 15 ஆராய்ச்சிகளிலிருந்து 1,082 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, ஏறத்தாழ 35 சதவிகிதத்தினர் மருந்துப்போலியாலேயே திருப்தியான சுகம் பெற்றனர் என்று எழுதினார். அந்த எண் உலகெங்கும் பரவிற்று. ஆனால் தானே தணிந்த நோயையும் அவர் எதிர்பார்ப்பின் வரவிலேயே சேர்த்து விட்டார் என்பது பின்னர் தெரிந்தது. 2001-இல் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் இருவர், மருந்துப்போலி பெற்றவர்களையும் ஒன்றும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட 114 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தனர். கருவியால் அளக்கத்தக்க விளைவுகளில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. வலி போன்று நோயாளி தாமே உணர்ந்து சொல்லும் உபாதைகளில் மட்டும் சிறிதளவு பலன் தென்பட்டது.

5. மூச்சு சொன்னதும் கருவி சொன்னதும்

இப்பாடத்தின் உயிர்நாடியான சோதனை இனி வருவதுதான். சகோதரர்கள் இதனைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்டது இது. ஆஸ்துமா நோயாளிகள் 39 பேருக்கு, வெவ்வேறு நாட்களில் நான்கு விதமான முறைகள் மாறி மாறிக் கையாளப்பட்டன. ஒன்று, மூச்சுக்குழாயை விரிக்கும் அசல் மருந்து. இரண்டு, அதே போன்ற குழலில் மருந்தில்லாத வெறும் ஆவி. மூன்று, ஊசி குத்துவது போன்ற பாவனை வைத்தியம். நான்கு, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கச் செய்தல்.

பின்னர் நோயாளிகளை, "எவ்வளவு சுகம்?" என்று கேட்டனர். அசல் மருந்துக்கு 50 சதவிகித முன்னேற்றம் என்றனர். வெறும் ஆவிக்கு 45 சதவிகிதம், பாவனை ஊசிக்கு 46 சதவிகிதம் என்றனர். ஒன்றும் செய்யாதபோது 21 சதவிகிதம். அதாவது மருந்தும் மருந்துப்போலியும் ஏறத்தாழச் சமம்!

அடுத்து, நோயாளி ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வெளியே ஊதுகிறார் என்பதைக் கருவியால் அளந்தனர். அசல் மருந்தினால் 20 சதவிகித முன்னேற்றம். மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவிகிதமே. வெறும் ஆவியும் ஒன்றும் செய்யாமல் இருந்ததும் கருவியின் முன்னே ஒன்றாகவே நின்றன.

இதன் கருத்தைச் சிந்தித்துப் பாருங்கள். நோயாளிக்கு மூச்சு இலேசானதாகத் தெரிகிறது, நுரையீரலோ முன்போலவே அடைபட்டிருக்கிறது. 'சுகம்' என்று எண்ணி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருந்தால், அந்தச் சுகமே அவருக்கு எமனாகக் கூடும். சுகம் தெரிவது வேறு, நோய் தீர்வது வேறு என்று நாம் கூறுவது இதனாலேதான்.

6. எதிர்பார்ப்பு உடலில் வேலை செய்வது எவ்வாறு?

அப்படியானால் மருந்துப்போலி தரும் சுகம் வெறும் பிரமையா என்று சிலர் கேட்கலாம். அன்று. வலி என்பது மூளையில் உணரப்படுவது. அதனைத் தணிக்கும் பொருள்களை மூளை தானே சுரக்கவல்லது. 1978-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்துப்போலியால் வலி தணிந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் 'நாலக்ஸோன்' என்னும் மருந்தைக் கொடுத்தபோது, தணிந்த வலி மீண்டும் ஏறிற்று. எனவே அந்த வலியைத் தணித்தது, உடலே சுரந்த அபின் போன்ற பொருள் என்று அறிஞர் கருதினர்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயிலும் இவ்வாறே. மூளையில் 'டோப்பமீன்' என்னும் பொருள் குறைவதால் வருவது அந்நோய். எதிர்பார்ப்போடு வெறும் ஊசி பெற்ற நோயாளிகளின் மூளையில் அப்பொருள் சுரப்பதை 2001-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் படமெடுத்துக் காட்டினர். 2015-இல் அமெரிக்காவில் அந்நோயாளிகள் 12 பேரிடம், ஒரு வேளை மருந்தின் விலை 100 டாலர் என்றும் இன்னொன்றின் விலை 1,500 டாலர் என்றும் கூறி ஊசி போட்டனர். இரண்டும் வெறும் உப்புநீரே. ஆனால் விலை உயர்ந்தது என்று கூறப்பட்டதற்கே கைகால் அசைவில் அதிக முன்னேற்றம் தெரிந்தது. விலைச் சீட்டும் வைத்தியம் செய்கிறது!

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. மூளை தன் கைவசமுள்ளதைத்தான் கொடுக்கும். வலி, குமட்டல், களைப்பு, படபடப்பு ஆகியவற்றில் அதற்குக் கை உண்டு. அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறக்கவோ, புற்றுநோயைக் கரைக்கவோ, கிருமியைக் கொல்லவோ எதிர்பார்ப்பினால் இயலாது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் இவற்றினும் வஞ்சகமானவை. அவை பல ஆண்டுகள் எவ்வித உபாதையும் காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் அரிக்கக் கூடியவை. உபாதையே இல்லாத நோயில், "உடம்பு இலேசாக இருக்கிறது" என்பது எதற்குச் சாட்சியாகும்?

7. அச்சமும் அதே வேலையைச் செய்யும்

நல்லதை எதிர்பார்த்தால் சுகம் தெரிவது போலவே, கெட்டதை எதிர்பார்த்தால் உபாதை தெரியும். இதனை 'நோசிபோ' என்கின்றனர். 'நான் தீங்கு செய்வேன்' என்பது அதன் பொருள்.

கொழுப்பைக் குறைக்கும் 'ஸ்டாட்டின்' மாத்திரையை நம்மவர் பலர் உட்கொள்கின்றனர். "அதைச் சாப்பிட்டால் உடம்பெல்லாம் வலிக்கும்" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர்களும் உண்டு. அப்படிப் பக்க விளைவு தாங்காமல் நிறுத்திய 60 பேரைக் கொண்டு லண்டனில் நடந்த ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. ஓராண்டில் நான்கு மாதங்கள் ஸ்டாட்டின், நான்கு மாதங்கள் மருந்துப்போலி, நான்கு மாதங்கள் வெறும் புட்டி என்று மாறி மாறிக் கொடுத்தனர். உபாதையை அவர்களே நாள்தோறும் 100-க்கு இத்தனை என்று குறித்து வந்தனர். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. மருந்துப்போலி மாதங்களில் 15.4. அதாவது அவர்கள் பட்ட கூடுதல் உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலேயே விளைந்தது. இக்கணக்கைக் காட்டிய பிறகு அறுபதின்மரில் பாதிப் பேர் அம்மாத்திரையைத் திரும்பவும் தொடங்கினர்.

உபாதை மெய், காரணந்தான் வேறு. ஆகவே பக்க விளைவு தோன்றினால் டாக்டரிடம் சொல்லி ஆராய்ந்து பார்ப்பதே முறை. தாமாக நிறுத்துவது முறையன்று.

8. நாம் செய்யத்தக்கவை

நோயாளி என்ற முறையில்:

அளக்கக் கூடியதை அளந்தே அறிவோம். நீரிழிவுக்கு ரத்தச் சோதனை, அழுத்தத்துக்குக் கருவி, ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கும் குழல். சுகம் தெரிகிறது என்பதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதிருப்போம்.

"ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்று டாக்டரை வற்புறுத்தாதிருப்போம். சாதாரண ஜலதோஷத்துக்குக் கிருமிக் கொல்லி மாத்திரை கேட்டு வாங்குவதும் அத்தகையதே. அது ஜலதோஷத்தைத் தீர்ப்பதில்லை. அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கே அது வழி செய்கிறது.

வலிக்கும் களைப்புக்கும் ஆறுதலான சொல், டாக்டரின் பொறுமை, வீட்டாரின் கவனிப்பு ஆகியவை உதவுமாயின் அவற்றை மனமார ஏற்போம். அவை மருந்தோடு சேர வேண்டியவை, மருந்துக்குப் பதிலாக வருபவை அல்ல.

வியாபாரி என்ற முறையில்:

தைலமும் லேகியமும் விற்பதில் குற்றமில்லை. எந்த நோய்க்கு என்று சொல்லி விற்கிறோம் என்பதிலேதான் பொறுப்பு இருக்கிறது. மலேசியாவில் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, ஆஸ்துமா, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் முதலியவற்றைத் தீர்க்கும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்துள்ளது. பெட்டியின் மேல் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தே சரக்கு எடுக்க வேண்டும். பாரம்பரிய மருந்துகளைப் பொறுத்தவரை அந்த எண், தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதற்கு அடையாளம். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அத்தாட்சியன்று.

சில சரக்குகள் நம்ப முடியாத வேகத்தில் வலியைப் போக்கினால் அப்போதும் விழிப்பு வேண்டும். மூலிகை என்ற பெயரில் வரும் சில மருந்துகளில் 'ஸ்டீராய்டு' இரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். அது எதிர்பார்ப்பின் வேலையன்று, அபாயமான மருந்தின் வேலை. நீரிழிவுக்காரருக்கு அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

நிற்க. "பொய் சொன்னால்தானே நம்பிக்கை பிறக்கும்? நம்பிக்கையால் சுகம் வருமானால் அந்தப் பொய்யில் என்ன தவறு?" என்று ஒருவர் வாதிக்கலாம். 2010-இல் பாஸ்டன் நகரில் குடல் உபாதையுள்ள 80 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரிடம், "இது மருந்தில்லாத மாத்திரை. ஆயினும் உபாதையைத் தணிக்கக் கூடும்" என்று உள்ளதைச் சொல்லியே கொடுத்தனர். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவிகிதத்தினர் போதிய சுகம் தெரிவதாகக் கூறினர். மாத்திரை பெறாத மற்றப் பிரிவில் அப்படிக் கூறியோர் 35 சதவிகிதத்தினர். ஆகவே, ஆறுதல் அளிப்பதற்குப் பொய் தேவையில்லை. எடையில் நேர்மை காக்கும் கை, சொல்லிலும் அதைக் காக்கலாம்.

9. முடிவுரை

தொடக்கத்தில் நம் கடைக்கு வந்த மனிதரை இப்போது மீண்டும் நினைவிற் கொள்வோம். முழங்கால் வலி தணிந்தது என்று அவர் சொன்னால், "மிக்க மகிழ்ச்சி" என்று நாம் சொல்லலாம். அதில் தைலத்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்று வாதாட வேண்டியதில்லை. வலி என்பது அவர் உணர்வது. அவர் உணர்ந்ததே அதற்கு அளவு.

ஆனால் அவர், "ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தி விட்டேன்" என்று சொல்லும்போது பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் நாம் வாளாவிருக்கலாகாது. அடுத்த பொட்டலத்தைக் கட்டுவதற்கு முன், "கடைசியாக ரத்தம் சோதித்தது எப்போது?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம். "முதலில் போய்ச் சோதித்து வாருங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று கூறி அனுப்புவோம். அன்று ஒரு பொட்டலம் விற்காமற் போகலாம். ஒரு வாடிக்கையாளரின் கண்ணும் காலும் அதனால் பிழைக்கக் கூடும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்:

(1) மருந்துப்போலிக்கும் கள்ள மருந்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

(2) "நலமாயிற்று" என்பதில் கலந்திருக்கும் நான்கு வரவுகள் யாவை?

(3) ஆஸ்துமா சோதனையில் நோயாளி சொன்னதும் கருவி சொன்னதும் எவ்வாறு மாறுபட்டன?

(4) நம் வீட்டில் நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்வோர் யார்? அவர்கள் கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதியில்?

முதல் மூன்றுக்கும் விடை இப்பாடத்திலேயே உண்டு. நான்காவதற்கு விடையை இன்றிரவு வீட்டிற் கேட்டறிவோமாக.